கப்பற் பாவனைப் பண்டங்களும் சுங்கப் பத்திரமும்

கடல்சூழ் நாடாகிய இலங்கையில் வாழும் எமக்குக் கப்பல் புதியதன்று. கொழும்பிலோ திருக்கோணமலையிலோ ஒரு கப்பல் வந்து நிற்குமாயின், அது என்ன சரக்கைக் கொண்டுவந்தது, என்ன சரக்கை ஏற்றிச் செல்லப்போகின்றது என்பதே கரையில் நிற்போர் வினவும் வினா. சீமெந்தென்றோ கோதுமையென்றோ தேயிலையென்றோ விடை கிடைத்ததும் வினவியோர் அமைதியுறுவர். ஆனால், எத்துறையிலும் வணிகப் பொருளாக இறக்கப்படாத வேறொரு தொகுதிப் பண்டங்களும் அக்கப்பலினுள்ளே உள. மாலுமிகள் உண்ணும் அரிசியும் மாவும், குளிரறையிலுள்ள இறைச்சியும் மீனும், தேயிலையும் சீனியும், பொறிக்கு வேண்டிய எரியெண்ணெயும் மசகெண்ணெயும், தளத்துக்குப் பூசும் வர்ணமும், ஓய்வு வேளையிற் புகைக்கும் சிகரெட்டும் ஆகிய இவையெல்லாம் அத்தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றைக் கப்பற் பாவனைப் பண்டங்கள் என இக்கட்டுரையில் வழங்குவோம்.

கப்பல் ஒரு துறையை அணுகும்போது இப்பண்டங்களுக்கெனத் தனியாக ஒரு பத்திரம் எழுதிச் சுங்கப் பகுதியாரிடம் சமர்ப்பித்தல் வேண்டும். ஒரு தாளில் அடங்கிவிடும் சிறு பத்திரந்தான். எனினும், அதனைப் பிழைபட எழுதியமையாற் கப்பற்றலைவர் தண்டம் இறுத்ததும், கப்பல் தாமதப்பட்டதும் கடற்றொழிலில் உள்ளோர் நன்கறிந்தவை. துறைமுகக் கந்தோர்களிலும் கப்பல் முகவர் நிலையங்களிலும் கப்பற்றளத்திலும் தொழில் புரியச் செல்லும் எமது இளைஞர், இப்பத்திரத்தின் நிரல்களை நிரப்பும் முறையை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வர். அந்நிரல்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் சிலரே. அதனை விளக்குதலே எமது நோக்கம்.

முதற்கண், சுங்கத் தீர்வையின் அடிப்படையை நோக்குவோம். ஒரு நாடு இறக்குமதித் தீர்வை விதிப்பது, வெளிநாட்டுப் பண்டம் அந்நாட்டினுட் புகுந்து அங்கே விற்கப்பட்டோ நுகரப்பட்டோ போவதனால் ஆகும். யாழ்ப்பாணத்துக் கடையில் விற்கப்படும் வெளிநாட்டுச் சிகரெட்டுக்குத் தீர்வை உண்டு. அது இந்நாட்டிற் புகைந்து தீர்வது. வங்கக் கடலின் நடுவே ஒரு மாலுமி புகைக்கும் சிகரெட்டோ எந்த நாட்டுச் சந்தையையும் சேராதது. அவன் உண்ணும் சோறும் அத்தகையதே. மாதத்துக்கு நான்கு நாடுகளின் துறைகளைக் காணும் ஒரு கப்பலிலுள்ள அரிசிமூடைக்கு ஒவ்வொரு நாடும் தீர்வை கேட்குமாயின், ஒரே மூடை நான்கு முறை தீர்வை செலுத்த நேரும். அம்மூடையோ நான்கு நாடுகளில் எதற்கும் இறக்குமதியானதன்று.

ஆகவே, கப்பலிலேயே தங்கியிருக்கும்வரை பாவனைப் பண்டங்களுக்குத் தீர்வையில்லை என்பது கடல்வாணிகம் செய்யும் நாடுகளெல்லாம் ஒப்பிய நெறியாயிற்று. சுங்க நடைமுறைகளை எளிமையாக்கி ஒருமைப்படுத்தும் பொருட்டு 1973ஆம் ஆண்டிலே ஜப்பானின் கியோத்தோ நகரில் நிறைவேறியதும், 1999ஆம் ஆண்டிலே திருத்தப்பெற்று 2006ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்ததுமாகிய உடன்படிக்கை இந்நெறியைத் தெளிவாக வகுத்துரைக்கின்றது. அது பாவனைப் பண்டங்களை இருவகைப்படுத்தும். பிரயாணிகளும் மாலுமிகளும் கப்பலிலேயே நுகர்வனவும், எரியெண்ணெய் போன்று கப்பலின் இயக்கத்துக்குச் செலவாவனவும் ஒருவகை. பிரயாணிகளும் மாலுமிகளும் விலைக்கு வாங்கித் தம்முடன் கரைக்கு எடுத்துச் செல்லும் பொருட்டு வைக்கப்படுவன மற்றொரு வகை. பொறியின் உதிரிப்பாகங்களும், உயிர்காப்புப் படகு, தளவாடம் முதலிய கப்பலின் உபகரணங்களும் இவ்விரண்டனுள்ளும் அடங்கா. அவை செலவாகித் தீராது கப்பலோடு நிலைத்திருப்பவையாதலின், அவற்றுக்குரிய விதிகள் வேறு.

இச்சலுகையின் உயிர்நிலை “கப்பலிலேயே தங்கியிருக்கும்வரை” என்னும் நிபந்தனையே. அந்நிபந்தனை நீங்கின் சலுகையும் நீங்கும். இதற்கு அயல்நாடாகிய இந்தியாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். அந்நாட்டின் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்து 87ஆம் பிரிவு, வெளிநாட்டுப் பயணத்தில் ஈடுபட்டிருக்கும் காலத்தில் ஒரு கப்பல் தன்னிடமுள்ள இறக்குமதிப் பாவனைப் பண்டங்களைத் தீர்வையின்றிச் செலவிட இடமளிக்கின்றது. சிங்கப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த கப்பலொன்று, சரக்கை இறக்கியபின் இந்தியத் துறைகளுக்கிடையே மட்டும் நிலக்கரி ஏற்றும் ஒப்பந்தத்தைப் பெறுகின்றது எனக் கொள்வோம். அன்று முதல் அது வெளிநாட்டுப் பயணக் கப்பலாகாது, கரையோரக் கப்பலாகின்றது. அந்நிலையில் அதன் தாங்கிகளிலுள்ள எண்ணெயும், களஞ்சியத்திலுள்ள உணவுப் பொருளும் அளக்கப்படுகின்றன. விசேட விலக்கு இருந்தாலன்றி அவை தீர்வைக்குரியவாகின்றன. எண்ணெய் மாறவில்லை, தாங்கியும் மாறவில்லை. அது எந்நாட்டுப் போக்குவரத்திற் செலவாகப்போகின்றது என்பது மாறிவிட்டது. சுங்கம் கேட்கும் வினாவும் அதுவே.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். முற்காலத்தில் ஒவ்வொரு துறைமுகமும் தனக்கென ஒரு படிவம் வைத்திருந்தது. ஒரு துறையில் மூன்று பிரதி, மற்றொரு துறையில் ஏழு பிரதி. ஓரிடத்திற் பண்டங்களை நிறையாற் கூறல் வேண்டும், வேறோரிடத்தில் எண்ணிக்கையாற் கூறல் வேண்டும். கப்பல் அதிகாரிகள் கடலை நோக்கும் நேரத்தைக் கடதாசிக்குச் செலவிட நேர்ந்தது. இவ்விடரை நீக்கும் பொருட்டு 1965ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆம் திகதி இலண்டனில் ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. சர்வதேசக் கடற்போக்குவரத்தை இலகுவாக்கும் உடன்படிக்கை என்பது அதன் பெயர். அது 1967ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 5ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்வழி வகுக்கப்பட்ட பொதுப் படிவங்கள் இன்று ஏழு. முதலாவது, கப்பலைப் பற்றிய பொதுப் பிரகடனம். இரண்டாவது, சரக்குப் பிரகடனம். மூன்றாவது, யாம் இங்கே கூறும் பாவனைப் பண்டப் பிரகடனம். நான்காவது, மாலுமிகளின் உடைமைப் பிரகடனம். ஐந்தாவதும் ஆறாவதும் முறையே மாலுமிகளினதும் பிரயாணிகளினதும் பெயர்ப் பட்டியல். ஏழாவது, அபாயகரமான சரக்குகளின் பட்டியல்.

மூன்றாவது படிவத்தின் தலைப்பகுதியிற் கப்பலின் பெயர், அதற்குரிய இலக்கம், கொடிநாடு, வந்தடைந்த துறை, திகதி, முன்பு தங்கிய துறை ஆகியவை இடம்பெறும். இவற்றின் தேவை வெளிப்படை. அவற்றை அடுத்து வரும் இரு விடயங்களே புதியோருக்கு வியப்பளிப்பன. கப்பலிலுள்ளோர் எத்தனை பேர் என்பது ஒன்று. கப்பல் துறையில் எத்தனை நாள் தங்கும் என்பது மற்றொன்று. பண்டங்களின் பட்டியலுக்கும் ஆள்தொகைக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவுவர்.

தொடர்பு மிக நெருங்கியது. துறையில் நிற்கும் நாள்களிலும் மாலுமிகள் உண்ணவும் புகைக்கவும் வேண்டுமன்றோ? ஆகவே, தங்கும் காலத்துக்கு எவ்வளவு பண்டம் நியாயமாக வேண்டியிருக்கும் என்பதைச் சுங்க உத்தியோகத்தர் மதிப்பிட்டு, அவ்வளவையும் வெளியே எடுத்துப் பாவிக்க அனுமதித்தல் வேண்டும் எனக் கியோத்தோ உடன்படிக்கை விதிக்கின்றது. ஆள்தொகையும் நாட்டொகையும் அம்மதிப்பீட்டின் இரு கைகள். ஒரு கப்பலில் 22 பேர் உளர். அது 4 நாள் தங்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 சிகரெட்டுக் கொண்ட பெட்டி ஒன்று என உத்தியோகத்தர் இசைவாராயின், 88 பெட்டி வெளியே விடப்படும். எஞ்சியவை அறையில் வைத்து முத்திரையிடப்படும். துறைக்குத் துறை அளவு வேறுபடும். கணக்கின் போக்கு ஒன்றே. தங்கும் நாளைத் தவறாகக் குறிப்பவர் தம் தோழருடைய பங்கையே குறைத்துவிடுகின்றார்.

அடுத்து வரும் நிரல்கள் மூன்று: பண்டத்தின் பெயர், அளவு, கப்பலில் அது வைக்கப்பட்டுள்ள இடம். இவற்றுள் அளவு என்னும் நிரலே பெரும்பாலான இடர்களுக்கு வாயில். சிகரெட்டு “30” என எழுதிவிடுகின்றனர். முப்பது எவை? இருபது சிகரெட்டுக் கொண்ட சிறு பெட்டி முப்பதாயின் மொத்தம் 600 சிகரெட்டு. அத்தகைய பத்துப் பெட்டி சேர்ந்த கார்ட்டன் முப்பதாயின் மொத்தம் 6,000. வேறுபாடு 5,400. எழுதியவர் மனத்திற் கார்ட்டன். வாசிப்பவர் மனத்திற் பெட்டி. எண்ணும் வேளையில் உத்தியோகத்தர் காண்பது, சொல்லியதிலும் பத்து மடங்கு. மறைக்கும் எண்ணம் இருந்ததில்லை என்பதை எவ்வாறு நிறுவுவது? மதுவகையிலும் இவ்வாறே. புட்டியா, புட்டிகள் அடங்கிய பெட்டியா, இலீற்றரா என்பதைச் சொல்லாத எண் வெறும் எண்ணேயாகும். திறக்கப்பட்ட கார்ட்டனில் எஞ்சிய மூன்று பெட்டிகளையும் தனியே எழுதுதல் வேண்டும். முழுக் கார்ட்டனெனக் கொள்ளுதலும் தவறு, விட்டுவிடுதலும் தவறு.

இடம் என்னும் நிரலுக்கும் காரணம் உண்டு. எண்ணுவதற்கு வருபவர் கப்பல் முழுவதையும் துருவுதல் இயலாது. அரிசி உலர்களஞ்சியத்தில், இறைச்சி குளிரறையில், வர்ணம் முன்தளத்து வர்ண அறையில், மசகெண்ணெய் இன்ன தாங்கியில், மதுவும் சிகரெட்டும் பூட்டிய அறையில் எனக் குறித்துவிட்டால், குறித்த இடத்தில் இருப்பது கணக்கிலுள்ளது. குறியாத இடத்தில் இருப்பது கணக்கிலில்லாதது. சமையற்காரர் வசதி கருதி நான்கு புட்டி மதுவைச் சமையலறை அலமாரிக்கு மாற்றிவைத்தாராயின், அவை பட்டியலில் இருப்பினும் இடம்மாறிய பண்டங்களாகிவிடும். சமையலுக்கென வைத்த மதுவும் மதுவே. அதையும் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும்.

இப்பட்டியலை ஆக்குவோர் பலர். உணவுப் பொருளைத் தலைமைப் பரிசாரகரோ சமையற்காரரோ எண்ணுவர். எண்ணெய் வகையைத் தலைமைப் பொறியியலாளர் அளப்பர். தளத்துப் பொருள்களைத் தலைமை அதிகாரி கணக்கிடுவர். மதுவும் சிகரெட்டும் வைக்கும் அறையைக் கப்பலோர் “பொண்ட்” என்பர். தற்காலத்துச் சரக்குக் கப்பல் பலவற்றில் அதன் திறவுகோல் கப்பற்றலைவரிடமே இருக்கும். பலர் எண்ணியதை ஒருவர் தொகுப்பர். ஈற்றிற் கையொப்பமிடுவோர் கப்பற்றலைவரோ, அவரால் அதிகாரம் பெற்ற அதிகாரியோ முகவரோ ஆவர். கையொப்பம் எவருடையதாயினும், கப்பலிலுள்ள பண்டங்களுக்கு விடை சொல்லும் கடப்பாடு கப்பற்றலைவரை விட்டு நீங்குவது அரிது.

ஈண்டு நான்காவது படிவத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். பொண்ட் அறையிலுள்ள சிகரெட்டு கப்பலுக்குரியது. மூன்றாவது படிவத்தில் இடம்பெறும். அதனை ஒரு மாலுமி விலைகொடுத்து வாங்கித் தன் அறைக்குக் கொண்டுசென்ற கணத்திலே அது அவனுடைய உடைமை. நான்காவது படிவத்தில், அவன் பெயருக்கெதிரே, அவனுடைய சொந்தக் கையொப்பத்துடன் இடம்பெறல் வேண்டும். பட்டியல் எழுதிய பின்னரும், துறையை அடையுமுன்னரும் கப்பற்கடையில் விற்பனை நடக்குமாயின், ஒரே கார்ட்டன் இரு பட்டியலிலும் தோன்றும். அன்றி இரண்டிலும் தோன்றாது போகும். இதனாலேயே அனுபவம் மிக்க கப்பற்றலைவர்கள் துறையை அடைவதற்கு முன்னாள் விற்பனையை நிறுத்தி, அறையைப் பூட்டி, இறுதியாக எண்ணிப் பின்னரே கையொப்பமிடுகின்றனர்.

கப்பல் துறையை அடைந்ததும் சுங்க உத்தியோகத்தர் ஏறி, வேண்டிய இடத்து எண்ணி, அனுமதித்த அளவை வெளியே விட்டு, எஞ்சியதை முத்திரையிடுவர். முத்திரையிடும் வழக்கம் தமிழ் மக்களுக்கு அந்நியமானதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றவும் இறக்கவும் குவிந்த பண்டங்களுக்குச் சோழர் அலுவலர் புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அப்பொறி, பண்டம் அரசின் கணக்கில் ஏறியது என்பதற்கு அடையாளம். பொண்ட் அறைக் கதவிலுள்ள இன்றைய முத்திரையோ, உள்ளிருக்கும் பண்டம் இந்நாட்டினுட் புகவில்லை என்பதற்கு அடையாளம். அம்முத்திரையைக் கப்பல் துறையில் நிற்கும்போது அனுமதியின்றி உடைத்தல், ஒரே ஒரு பெட்டி எடுப்பதற்காயினும், பாரிய குற்றமாகக் கொள்ளப்படும். உடைத்த பின்னர் எத்தனை எடுக்கப்பட்டன என்பதற்குச் சான்று யாதுமில்லை, காரணம் அதுவே.

துறையிற் புதிதாகப் பண்டம் ஏற்றும்போதும் இந்நெறியே தலைகீழாக நிகழ்கின்றது. தீர்வை செலுத்தாத மதுவும் சிகரெட்டும் சுங்கத்தின் காவலிலுள்ள பண்டசாலையிலிருந்து கப்பலுக்குச் செல்கின்றன. பண்டசாலையை விட்டவை கப்பலை அடைந்தனவா, வழியிற் கடைத்தெருவை அடைந்தனவா என்பதே இங்குள்ள வினா. ஆகவே, கப்பற்றலைவரின் விண்ணப்பம், பண்ட வழங்குநரின் பட்டியல், சுங்கத்தின் அனுமதி, ஏற்றப்பட்டமைக்குக் கப்பலிலிட்ட கையொப்பமும் முத்திரையும் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும். நாற்பது கார்ட்டனுக்குக் கையொப்பமிட்டு முப்பத்தைந்து பெற்றுக்கொள்ளும் கப்பல் அதிகாரி, எஞ்சிய ஐந்து எங்கே சென்றாலும் அதற்குத் தாமே சான்று எழுதிக் கொடுத்தவராகின்றார்.

மிகையாகப் பண்டம் காணப்படின் குற்றம். அது மறைத்தமையைக் காட்டும். இது எவர்க்கும் விளங்கும். குறைவாகக் காணப்படினும் குற்றமாகும் என்பது பலர்க்கு விளங்குவதில்லை. பட்டியலில் இருந்தது அறையில் இல்லையெனின், அது களவாகக் கரையிறங்கியிருத்தல் கூடும் என்பதே சுங்கத்தின் ஐயம். கரையிறங்கிய பண்டத்தால் அரசுக்கு வருமானம் குறைகின்றது. முறைப்படி தீர்வை செலுத்தி விற்கும் கடைக்காரருக்கு வாணிகம் குறைகின்றது. இலங்கையின் சுங்க நடைமுறைக்கு அடிப்படையாய் அமைந்த 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் முதலாக, எந்நாட்டுச் சட்டமும் இவ்விடயத்திற் கண்டிப்பாயிருப்பது இதனாலாம்.

இங்கே கசப்பான உண்மையொன்றையும் மறைத்தலாகாது. உலகின் சில துறைகளிற் கப்பலேறும் அலுவலருட் சிலர், வேலை முடிந்ததும் ஒரு கார்ட்டன் சிகரெட்டையோ ஒரு புட்டி மதுவையோ எதிர்பார்த்து நிற்பர். மறுத்தால், பட்டியலிலே ஏதேனும் ஒரு சிறு குறை காணப்படும், கப்பல் தாமதப்படும். கொடுத்தாலோ, அக்கார்ட்டனை எக்கணக்கில் எழுதுவது? எழுதாவிடின் அடுத்த துறையில் எண்ணிக்கை பொருந்தாது. மாலுமிகளுக்கு விற்றதாக எழுதின் பொய்க்கணக்கு. இவ்வாறு ஒருவருடைய பேராசை, நேர்மையான கப்பற்றலைவரையும் பொய் எழுத வைக்கின்றது. கப்பல் நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து 2011ஆம் ஆண்டிற் கடற்றுறை ஊழல் எதிர்ப்பு வலையமைப்பை நிறுவியமைக்கு இத்தகைய தொல்லைகளே காரணம். துல்லியமான பட்டியலே கப்பற்றலைவருக்குள்ள முதற் காவல். குறையில்லாத ஏட்டிற் குறை காண்பது கடினம். காண்பவரை மேலதிகாரியிடம் முறையிடுவது எளிது. அவ்வாறே, நேர்மையாக எண்ணி, நேர்மையாக முத்திரையிட்டு, ஒன்றும் பெறாது இறங்கும் சுங்க உத்தியோகத்தர் தம் நாட்டின் பெயரைக் காப்பவராவர். அந்நியக் கப்பலோர் எமது நாட்டில் முதலிற் காணும் முகம் அவருடைய முகமன்றோ?

காலம் மாறி வருகின்றது. இப்பிரகடனங்களை மின்னணு முறையிற் பரிமாறிக்கொள்ளும் ஒழுங்கை அரசுகள் அமைத்தல் வேண்டும் என்னும் விதி 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 8ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு துறைக்குரிய தகவல் அனைத்தையும் ஒரே வாயிலினூடாக, ஒரே முறை சமர்ப்பிக்கும் ஒழுங்கு 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி முதற் கட்டாயமாயிற்று. பிரதிகளைக் கட்டுக்கட்டாக எழுதும் தொல்லை இதனாற் குறைகின்றது. ஆயினும், கணினி எண்ணாது. எண்ணியதை எடுத்துச் செல்லும், அவ்வளவே. களஞ்சியத்தினுட் புகுந்து, மேற்றட்டையும் கீழ்த்தட்டையும் பார்த்து, கார்ட்டனைத் திறந்து எண்ண வேண்டியவர் மனிதரே. முன்னைய துறைக்கு எழுதிய பட்டியலை அப்படியே அனுப்பிவிடும் சோம்பலுக்குக் கணினி பெரிதும் துணைசெய்யும் என்பதையும் இளைஞர் நினைவிற்கொள்ளல் நன்று.

தொகுத்துக் கூறின், பாவனைப் பண்டப் பிரகடனம் கப்பற்றலைவர் ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் வாக்குறுதி. “இவை எம்மிடம் உள, இவ்விடத்தில் உள, எம்முடனேயே திரும்பிச் செல்லும்” என்பது அவ்வாக்குறுதியின் பொருள். அதனை ஏற்று அந்நாடு தன் தீர்வையை விட்டுக்கொடுக்கின்றது. படிவத்தின் ஒவ்வொரு நிரலும் இவ்வாக்கைச் சோதித்தறிவதற்கு வேண்டியது. வேண்டாத நிரல் ஒன்றேனும் அதிலில்லை. இதனை உணர்ந்தவருக்குப் புதிய துறையும் புதிய படிவமும் அச்சந்தரா. எமது கல்லூரியிலிருந்து இனிக் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் சுங்கப் பகுதிக்கும் செல்லவிருக்கும் மாணவர்க்கு யாம் சொல்லக்கூடிய அறிவுரை எளியது. எண்ணிய பின் எழுதுக. அலகைச் சேர்த்து எழுதுக. எழுதியதைக் கண்ட பின் கையொப்பமிடுக. கப்பலிற் பணிபுரியினும் கரையிற் பணிபுரியினும் இம்மூன்றும் அவர்க்குத் துணையாகும்.